பென்டிரைவ் சொருகியதும் கணினி என்ன செய்ய வேண்டும்?

எங்கள் வீட்டுக் கணக்கில் மூன்று கணினிகள் ஓடுகின்றன. காலேஜ் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் இரண்டு, வீட்டில் ஒன்று. ஒரே பென்டிரைவை மூன்றிலும் சொருகினால் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கடையின் கவுன்டர் கணினி ஒரு சத்தம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். உள்ளே டிசைன் வேலைக்கு வைத்திருக்கும் கணினி ஃபோல்டரைத் திறந்து காட்டும். வீட்டில் அப்பாவின் லேப்டாப் பாட்டுப் பாட ஆரம்பித்துவிடும்.

மூன்றுக்கும் ஒரே அமைப்பு வைத்துப் பல வருடம் ஓட்டிப் பார்த்து, பட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இப்படிப் பிரித்தேன். கடைக்கு வருகிறவர்கள், ‘அண்ணா, உங்க சிஸ்டத்துல போட்டா ஒண்ணுமே வரலையே, பென்டிரைவ் போயிடுச்சா?’ என்று பதறிப்போய்க் கேட்பார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கணினியிலோ அலுவலகக் கணினியிலோ எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய இது உதவ வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆட்டோரன், ஆட்டோபிளே என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. இரண்டும் வேறு. ஆட்டோரன் 1995-ல் விண்டோஸ் 95-உடன் வந்தது. சிடியின் முதல் அடுக்கில் ‘ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப்’ என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கும். சிடியைப் போட்டால் எந்த புரோகிராமை ஓட்ட வேண்டும், எந்தப் படத்தை ஐகானாகக் காட்ட வேண்டும் என்று நாலு வரியில் அதில் எழுதியிருப்பார்கள். கணினி அதைப் படித்து அப்படியே செய்யும். சிடி டிரேயைத் தள்ளினால் போதும், கேம் இன்ஸ்டால் ஆகத் தொடங்கிவிடும். கணினியே புதிதாக இருந்த காலத்தில் அது பெரிய வசதிதான். ஆனால் என்ன ஓட வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்தது சிடியைத் தயாரித்தவர். கணினியின் சொந்தக்காரருக்கு அதில் பங்கே இல்லை.

ஆட்டோபிளே விண்டோஸ் எக்ஸ்பியோடு 2001-ல் பரவலானது. உள்ளே வந்திருப்பது பாட்டா, படமா, வீடியோவா என்று கணினி தானே பார்த்து, நம் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு புரோகிராமை வைத்துத் திறக்கட்டுமா என்று கேட்கும். இங்கே முடிவு நம்முடையது. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

இப்போது விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நம் முன் நிற்கும் வழிகள் நான்கு. தானாகவே ஒரு புரோகிராமில் திறப்பது, ஒவ்வொரு முறையும் கேட்பது, ஃபோல்டரை மட்டும் திறந்து காட்டுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஐந்தாவதாக, அந்த வேலைக்கு விண்டோஸையே விட்டுவிட்டு லினக்ஸ் வைப்பது.

தானாகத் திறப்பதில் இருந்தே தொடங்குகிறேன். இதைத்தான் எல்லோரும் முதலில் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். அப்பாவுக்கு 74 வயது. கண்ணில் புரை எடுத்தும் சின்ன எழுத்து தெரிவதில்லை. மவுஸ் பிடித்தால் கை நடுங்கும், டபுள் கிளிக் இரண்டு சிங்கிள் கிளிக்காக விழும். அவரிடம் திருப்புகழும் நாதஸ்வரமும் பழைய கச்சேரிகளும் நிறைந்த ஐம்பது சிடிகளும் ஒரு பென்டிரைவும் இருக்கின்றன. கன்ட்ரோல் பேனலில் உள்ள ஆட்டோபிளே பக்கத்தில் ஆடியோ சிடிக்கும், பென்டிரைவில் வரும் இசைக்கும் ‘பிளே’ என்று வைத்துவிட்டேன். இப்போது யூஎஸ்பி டிவிடி டிரைவில் சிடியை வைத்து மூடியை அழுத்துவார். நாலைந்து விநாடியில் தவில் சத்தம் கேட்கும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அந்த நாலைந்து விநாடியில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் ஆட்டோபிளேயை ஒட்டுமொத்தமாக மூடச் சொல்ல மாட்டார்கள்.

திரைப்பட டிவிடி, கல்யாண டிவிடிக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து, டிவிடி படம் ஓட்டும் வசதியை விண்டோஸ் மீடியா பிளேயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். விஎல்சி என்ற பிளேயரைப் போட்டுக்கொண்டால் ஆட்டோபிளே பட்டியலில் அதுவே தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு டிவிடிக்கு விஎல்சியைத் தேர்ந்தெடுத்தால் சரி.

பாட்டு சிடிக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது. சோனி பிஎம்ஜி நிறுவனம் 2005-ல் வெளியிட்ட பல இசை சிடிகளில், காப்பி எடுப்பதைத் தடுக்கும் ஒரு புரோகிராமும் சேர்ந்து வந்தது. சிடியைப் போட்டதும் ஆட்டோரன் வழியாக அது கணினிக்குள் இறங்கி, தன்னை மறைத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர் அதை அம்பலப்படுத்தினார். அந்த மறைப்புக்குள் மற்ற வைரஸ்களும் போய் ஒளிந்துகொள்ள முடிந்தது. அப்படித் தயாரான சிடிகள் சுமார் 47 லட்சம், அவற்றில் சுமார் 21 லட்சம் விற்றே போயிருந்தன. நிறுவனம் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2003-ல், அதே மாதிரியான வேறொரு பாதுகாப்பை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் ஆராய்ந்தார். சிடி போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால் ஆட்டோரன் ஓடாது, பாதுகாப்பும் இறங்காது என்று எழுதினார். அதற்கே அந்தப் பாதுகாப்பைத் தயாரித்த நிறுவனம் வழக்குப் போடுவேன் என்று மிரட்டியது. ஒரு விசையை அழுத்துவதற்குள் தீர்கிற பாதுகாப்புக்காக அத்தனை பேருடைய கணினிகளின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆக, தானாகத் திறப்பதை நான் சிபாரிசு செய்வது இரண்டே நிபந்தனையில். ஒன்று, அந்தக் கணினியில் வீட்டுக்கு வெளியிலிருந்து எந்த டிரைவும் வரக்கூடாது. இரண்டு, பாட்டு, படம் போன்றவற்றுக்கு மட்டும் வைக்க வேண்டும். அதே பக்கத்தில் ‘சாஃப்ட்வேர் அண்ட் கேம்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும், அதற்கு ஒருபோதும் ‘ரன்’ என்று வைக்காதீர்கள்.

அடுத்தது ‘ஒவ்வொரு முறையும் கேள்’. கடைக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதுதான் பத்திரம் என்பார்கள். கேட்டுவிட்டுத்தானே செய்கிறது, பிறகென்ன என்பது அவர்கள் நியாயம். நானும் பல வருடம் இதைத்தான் வைத்திருந்தேன். இப்போது என் தீர்ப்பு, நான்கிலும் பலவீனமானது இதுதான்.

காரணம் 2008 நவம்பரில் பரவ ஆரம்பித்த கான்ஃபிக்கர் என்ற வைரஸ். முதலில் நெட்வொர்க் வழியாகப் பரவியது, அடுத்த மாதம் வந்த வகை பென்டிரைவிலும் ஏறியது. அது செய்த தந்திரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பென்டிரைவைச் சொருகியதும் வழக்கமான ஆட்டோபிளே பெட்டி வரும். கீழே, மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ‘கோப்புகளைப் பார்க்க ஃபோல்டரைத் திற’ என்று விண்டோஸின் உண்மையான வரி இருக்கும். மேலே, ‘புரோகிராமை நிறுவு அல்லது ஓட்டு’ என்ற தலைப்பின் கீழ், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு, அதே சொற்களோடு இன்னொரு வரி இருக்கும். அந்த மேல் வரி வைரஸ் எழுதி வைத்தது. ஐகானை விண்டோஸிடமிருந்தே எடுத்துக்கொண்டது, வாசகத்தை ஆட்டோரன் கோப்பில் எழுதிக்கொண்டது. கண் தலைப்பைப் படிக்காது. கை மேலே இருக்கும் ஃபோல்டரைத்தான் அழுத்தும். தினமும் முப்பது தடவை அதே பெட்டியைப் பார்த்து அதே இடத்தில் அழுத்திப் பழகிய கடைக்காரன் கை நிச்சயமாக அதைத்தான் அழுத்தும்.

இன்றைய விண்டோஸில் அந்தக் குறிப்பிட்ட தந்திரம் எடுபடாது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-லேயே பென்டிரைவில் இருக்கும் ஆட்டோரன் கட்டளையை மதிப்பதை நிறுத்திவிட்டார்கள், சிடி டிவிடிக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே மாற்றத்தை 2011 பிப்ரவரியில் அப்டேட் வழியாக அனுப்பினார்கள். அந்த மே மாதத்திற்குள், இந்த வகை வைரஸ் தொற்று 2010-ஐ விட எக்ஸ்பியில் 59 சதவீதமும் விஸ்டாவில் 74 சதவீதமும் குறைந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. ஒரே ஒரு இயல்பை மாற்றியதற்கு இவ்வளவு பலன்.

ஆனாலும் கேள்வி கேட்கும் பழக்கத்தில் உள்ள குறை போகவில்லை. விண்டோஸ் 10, 11-ல் கேள்வி ஓர் ஓரத்தில் அறிவிப்பாக வந்து, சில விநாடிகளில் மறைந்துவிடும். தவறவிட்டால் தவறவிட்டதுதான். செட்டிங்ஸில் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்த கணினியிலும் இதே கேள்விதான் வரும். அங்கே அவசரத்தில் அதைத் தட்டி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வே அந்த வகை டிரைவுகளுக்கு நிரந்தரமாகிவிடும், மறுமுறை கேட்காது. ‘போன தடவை கேட்டுச்சு, இப்ப தானா ஃபோட்டோ காப்பி ஆகுது’ என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் நடந்தது இதுதான். தெளிந்த மனதோடு செட்டிங்ஸில் ஒரு முறை உட்கார்ந்து முடிவு செய்வதும், வாடிக்கையாளர் தலைமேல் நிற்கும்போது ஓரத்தில் மின்னுகிற கேள்விக்குப் பதில் சொல்வதும் ஒன்றாகுமா?

மூன்றாவது, ஃபோல்டரை மட்டும் திறந்து காட்டுவது. பெரும்பாலான வீடுகளுக்கும் ஒருவரே பயன்படுத்தும் அலுவலகக் கணினிக்கும் இதுவே போதும் என்பது என் கருத்து. எதுவும் ஓடாது, எதுவும் காப்பி ஆகாது, உள்ளே இருப்பது மட்டும் தெரியும். ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை வேலைக்கு வருகிற கோரல்டிரா, ஃபோட்டோஷாப் கோப்புகள் பெரியவை. வாட்ஸப்பில் அனுப்ப முடிவதை அனுப்பிவிடுகிறார்கள், பென்டிரைவில் வருவது இவை மட்டுமே. டிசைன் கணினிக்கு வரும் டிரைவுகளை நான் ஏற்கெனவே கவுன்டரில் சோதித்திருப்பேன் என்பதால், அங்கே ஃபோல்டர் திறப்பதே வேகம்.

ஃபோல்டரைத் திறப்பதால் மட்டும் எதுவும் ஆகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஃபோல்டர் திறந்தால் கணினி ஒவ்வொரு கோப்பின் ஐகானையும் படிக்கிறது, படங்களுக்குச் சின்ன உருவம் வரைகிறது. அதுவும் ஒரு வேலைதான். 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ், ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்தது என்று நாமெல்லாம் படித்தது, இந்த இடத்தைத்தான் பிடித்தது. பென்டிரைவில் உள்ள ஷார்ட்கட் கோப்பின் ஐகானை விண்டோஸ் காட்ட முயன்றதே போதுமாக இருந்தது, யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆட்டோபிளேயை மூடி வைத்திருந்தவர்களும் ஃபோல்டரைத் திறந்தால் மாட்டினார்கள். 2010 ஆகஸ்ட் 2 அன்று அதற்கான திருத்தம் வந்தது. லினக்ஸும் தப்பவில்லை. சொருகிய டிரைவைத் தானாகத் திறந்து சின்ன உருவம் வரையும்போது, அந்த வரையும் புரோகிராமின் ஓட்டை வழியாகப் பூட்டிய திரையையே தாண்டலாம் என்று 2011-ல் ஜான் லாரிமர் என்ற ஆய்வாளர் உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் செய்து காட்டினார். அப்டேட் ஒழுங்காக வரும் கணினியில் இவை பழங்கதைகள். 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுபோன விண்டோஸ் 7-ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கணினிக்கு இந்த மூன்றாவது வழியும் வேண்டாம்.

நான்காவது, ஒன்றும் செய்யாதே. இதற்கு நான் வந்து சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறு என்னுடையது.

2012 மார்ச் மாதம், புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நேரம். கவுன்டரில் எக்ஸ்பி ஓடியது. நெட் வேகம் குறைகிறது என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தேன். காலையில் ஒரு எம்.ஃபில். மாணவி வந்து ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் பிரின்ட் எடுத்துப் போனார். மாலையில் திரும்பி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ‘அண்ணா, காலையில உங்க கடையிலதான் போட்டேன். இப்ப எல்லா ஃபோல்டரும் ஒரு கேபி ஷார்ட்கட்டா இருக்கு. வேற காப்பி இல்லண்ணா.’ ஷார்ட்கட் வைரஸ். யாரோ ஒருவர் டிரைவிலிருந்து என் கணினிக்கு வந்து, அங்கிருந்து அன்று வந்த எல்லா டிரைவுகளுக்கும் ஏறியிருந்தது. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்துவிடும். அதை டபுள் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. பென்டிரைவில் ஆட்டோரன் அடைபட்ட பிறகு வைரஸ் எழுதுகிறவர்கள் கண்டுபிடித்த மாற்றுவழி நம்முடைய விரல்தான்.

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, மறைந்த கோப்புகளை வெளியே காட்டும் அட்ரிப் கட்டளையோடு மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் என்று அடித்து என்டர் தட்டினேன். அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் கழித்து ரெஃப்ரெஷ் செய்தபோது ஐந்து அத்தியாயங்களும் வரிசையாக வந்து நின்றன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வந்த மற்றவர்களில் எத்தனை பேர் வைரஸோடு வீட்டுக்குப் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. அது இன்றும் உறுத்துகிறது. மறுநாளே கவுன்டர் கணினியில் ஆட்டோபிளேயை முழுக்க மூடினேன்.

மூடினால் மட்டும் போதுமா? போதாது. பிரின்ட் எடுக்க எப்படியும் ஃபோல்டரைத் திறக்கத்தான் வேண்டும். ஒன்றும் நடக்காத அந்த இடைவெளியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இந்த வழியின் பயன் இருக்கிறது. நான் செய்வது இது. டிரைவ் ஐகானை டபுள் கிளிக் செய்ய மாட்டேன், ரைட் கிளிக் செய்து, விண்டோஸோடு வரும் டிஃபென்டர் ஆன்டிவைரஸில் ஸ்கேன் கொடுப்பேன். 64 ஜிபி டிரைவாக இருந்தால் எந்த ஃபோல்டரில் கோப்பு இருக்கிறது என்று கேட்டு அதை மட்டும் ஸ்கேன் செய்வேன். கோப்புப் பெயர்களின் வால்பகுதி, அதாவது டாக்எக்ஸ், பிடிஎஃப், இஎக்ஸ்இ என்பதெல்லாம், எப்போதும் தெரியும்படி வைத்திருக்கிறேன். ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு வால் இஎக்ஸ்இ என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். இந்தப் பழக்கம் இல்லாமல் ஆட்டோபிளேயை மட்டும் மூடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கிளிக்தான் மிச்சம்.

எக்ஸ்பி காலத்தில் இன்னொரு கைவைத்தியமும் இருந்தது. பென்டிரைவில் ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப் என்ற பெயரில் நாமே ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிவிடுவோம். அதே பெயரில் வைரஸ் கோப்பை எழுத முடியாமல் போகும். பல வைரஸ்களிடம் அது பலித்தது. பழைய டிரைவுகளில் இன்றைக்கும் அந்த ஃபோல்டரைப் பார்க்கிறேன். பயப்படாமல் அழிக்கலாம்.

பென்டிரைவுக்கு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு இடங்களில் அது கைகொடுக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெட் டாங்கிள்களைச் சொருகினால் மை கம்ப்யூட்டரில் ஒரு சிடி டிரைவ் முளைத்து, இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்டது நினைவிருக்கும். அது உண்மையில் சிடி கிடையாது. டாங்கிளுக்குள் இருந்த ஒரு துண்டு நினைவகம் தன்னைச் சிடி என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொண்டது. பென்டிரைவுக்கு மூடிய கதவு சிடிக்குத் திறந்திருந்ததால் அந்த வழி. டாங்கிள் நல்ல எண்ணத்தோடு செய்ததைக் கெட்ட எண்ணத்தோடும் செய்யலாம். அதனால் வெளியார் டிரைவ் வரும் கணினியில் சிடிக்கும் சேர்த்து மூடச் சொல்கிறேன். இன்னொன்று, பென்டிரைவ் வடிவத்தில் இருந்துகொண்டு தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும் கருவி. 2014-ல் பேட்-யூஎஸ்பி என்ற பெயரில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் இதைச் செய்து காட்டினார்கள். சொருகியதும் யாரோ தட்டச்சு செய்வது போலக் கட்டளைகள் ஓடும். கீபோர்டுக்கு ஆட்டோபிளே கிடையாது, ஆகவே மூடவும் ஒன்றும் இல்லை. வழியில் கிடந்த பென்டிரைவை எடுத்துச் சொருகாதீர்கள் என்பதைத் தவிர வேறு மருந்து என்னிடம் இல்லை.

ஐந்தாவது வழி லினக்ஸ். கவுன்டரில் ஒரு பழைய கணினியில் உபுண்டு போட்டு ஆறு மாதம் ஓட்டினேன். ஷார்ட்கட் வைரஸ் ஏறிய டிரைவை அதில் சொருகியபோது பார்த்தது மறக்காது. விண்டோஸ் மறைத்து வைக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே தெரிந்தன, ஏனென்றால் அந்த ‘மறை’ குறியை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை. ஷார்ட்கட்டுகள் வெறும் உயிரற்ற கோப்புகளாகக் கிடந்தன. அழித்துவிட்டு டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன், அட்ரிப் கட்டளைக்கு வேலையே இல்லை. உபுண்டு செட்டிங்ஸில் ரிமூவபிள் மீடியா என்ற இடத்தில், சொருகியதும் எதையும் கேட்காதே, எதையும் தொடங்காதே என்று ஒரே டிக்கில் வைத்துவிடலாம். டிரைவ்களைச் சோதிக்க இதைவிட நல்ல கணினி கிடையாது. ஆனால் எனக்கு நிலைக்கவில்லை. பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வேர்டு கோப்புகள், லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆஃபீஸில் வரி நகர்ந்து, பக்கம் மாறி வந்தன. ஆய்வேட்டில் ஒரு பக்கம் நகர்ந்தால் பொருளடக்கமே தப்பாகிவிடும். பிடிஎஃப் மட்டும் வாங்கும் கடையாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு லினக்ஸுக்குப் போகலாம்.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெமரி கார்டு சொருகியதும் படங்கள் தானாக இறங்கும்படி வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும். எனக்குத் தெரிந்த போட்டோகிராபர் ஒருவர் அப்படித்தான் வைத்திருந்தார். முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணம், இரண்டு கார்டு. எல்லாம் சி டிரைவில் ஒரே தேதி ஃபோல்டரில் இறங்கி, எது எந்த வீட்டுக் கல்யாணம் என்று பிரிக்க இரவு முழுக்கப் போனது. கார்டுக்கு ‘ஃபோல்டரைத் திற’ என்று வைத்து, வீட்டுக்காரர் பெயரில் ஃபோல்டர் போட்டு, கையால் காப்பி எடுங்கள். மேக் வைத்திருந்தால், கார்டு சொருகும்போதெல்லாம் ஃபோட்டோஸ் வந்து நிற்கும். அதிலேயே ‘இந்தக் கருவிக்குத் திற’ என்ற டிக்கை எடுத்துவிடலாம், அல்லது இமேஜ் கேப்சரில் அந்தக் கார்டுக்கு ‘எந்தப் புரோகிராமும் வேண்டாம்’ என்று வைக்கலாம். அதோடு, டிரைவில் பிரச்சினை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், படங்களை வேறிடத்தில் காப்பி எடுக்கும்வரை சரி என்று சொல்லாதீர்கள். பெரும்பாலும் கார்டைச் சரியாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியதால் வரும் செய்திதான் அது, முதலில் படம் பத்திரமாகட்டும்.

கைபேசியில் இந்த முடிவை ஓரளவு அவர்களே எடுத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 2015-லிருந்தே கேபிள் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறும், கோப்புகளைக் காட்ட நாம்தான் அனுமதிக்க வேண்டும். ஐபோன் இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும். கடையில் சார்ஜ் போடக் கொடுக்கிறவர்கள் அதற்கு ‘வேண்டாம்’ சொன்னால் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மாற்றும் இடம்: விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட்டோபிளே. விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், டிவைசஸ், ஆட்டோபிளே. மேலே உள்ள ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் மூடிவிடும். ஸ்விட்ச் எரிந்துகொண்டே இருக்க, ரிமூவபிள் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் மட்டும் வெவ்வேறு முடிவும் வைக்கலாம். சிடி, டிவிடி, இசை, படம் என்று வகை வகையாகப் பிரிக்க வேண்டுமானால் கன்ட்ரோல் பேனலில் உள்ள ஆட்டோபிளேக்குப் போக வேண்டும். பல பேர் உட்காரும் கணினியில் யாரும் திருப்பி மாற்றாமல் இருக்க, புரோ பதிப்பில் குரூப் பாலிசிக்குள் ‘டர்ன் ஆஃப் ஆட்டோபிளே’ என்பதை ‘ஆல் டிரைவ்ஸ்’ என்று வையுங்கள். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி கிடையாது, ஸ்விட்சோடு திருப்திப்பட வேண்டும், அல்லது ரிஜிஸ்ட்ரி தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

அப்பாவின் லேப்டாப்புக்கு மட்டும் ஓர் ஏற்பாடு கூடுதலாகச் செய்திருக்கிறேன். அவருடைய பாட்டு பென்டிரைவில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது, கண் தெரியாவிட்டாலும் கை தெரிந்துகொள்ளும். கயிறு இல்லாத எதையும் அவர் சொருக மாட்டார், பேரன் கொண்டுவந்தாலும் சரி. புதுக் கச்சேரி ஏற்ற வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கயிற்றோடு கழற்றி என் கையில் கொடுப்பார். கடைக் கணினி எதிலும் போடாமல், வீட்டிலேயே நெட்டிலிருந்து இறக்கி ஏற்றிக் கொடுத்துவிடுவேன்.